வானூர்தி பிறந்த வரலாறும் நம் இளைஞர் கடமையும்

வானில் பறக்க வேண்டும் என்னும் ஆசை மனித குலத்தின் மிகப் பழைய ஆசைகளுள் ஒன்றாகும். ஓட்டுவோன் இன்றியே விண்ணில் செல்லும் ஊர்தியைப் பற்றிப் புறநானூறு பேசுகிறது. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் என்னும் மன்னன், கருவுற்ற தன் தேவி விசயையைப் பகைவரிடமிருந்து காக்கும் பொருட்டு, மயில் வடிவில் ஒரு பொறி செய்வித்து அதில் ஏற்றி அனுப்புகிறான். கிரேக்கர் கதையில் இக்காரஸ் என்னும் இளைஞன் மெழுகால் ஒட்டிய இறகுகளைக் கட்டிக்கொண்டு பறந்து, கதிரவன் வெம்மையில் மெழுகு உருகிக் கடலில் வீழ்கிறான்.

இவை யாவும் புலவர்தம் கற்பனையில் பிறந்தவை, இனிமையானவை. ஆனால் புலவனின் விமானத்திற்கு எடை இல்லை, எரிபொருள் வேண்டியதில்லை, காற்றின் வேகத்தைப் பற்றி அவன் கவலைகொள்ள வேண்டியதும் இல்லை. எடையும் எஞ்சினும் கொண்டு, மனிதனைச் சுமந்து, தன் ஆற்றலால் தானே எழுந்து பறந்த ஊர்தி 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள்தான் பிறந்தது. அஃது எவ்வாறு பிறந்தது? அதைப் படைத்தோர் எத்தகையோர்? நம் தமிழ்நாட்டிற்கும், அன்று நாஞ்சில் நாடு உட்பட்டிருந்த திருவிதாங்கூருக்கும் அஃது எப்போது வந்தது? அது வந்தபோது நம் முன்னோர் எந்நிலையில் இருந்தனர்? இவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் வானூர்திக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். இறுதிவரை படிப்போர் விடையைத் தாமே காண்பர்.

பலூனும் வண்டியோட்டியும்

மனிதன் முதன்முதலில் தரையை விட்டு எழுந்தது இறக்கையால் அன்று, சூடான காற்றினால். பிரான்சு நாட்டில் காகிதம் செய்யும் தொழிற்குடும்பத்தைச் சேர்ந்த மான்கோல்ஃபியர் சகோதரர்கள், வெப்பக் காற்று மேலெழும் என்னும் உண்மையைக் கொண்டு பெரும் பலூன் ஒன்றைச் செய்தனர். 1783 நவம்பர் 21 அன்று பாரிசு நகரில் இருவர் அதில் ஏறி ஏறத்தாழ 25 நிமிடம் வானில் மிதந்தனர். இந்நிகழ்ச்சியில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஆபத்தான இப்பயணத்திற்குத் தண்டனை பெற்ற கைதிகளை அனுப்பலாம் என்றே அரசன் முதலில் கருதினான் என்பர். வானில் ஏறும் முதற்பெருமை கைதிகளுக்குப் போய்விடலாகாது என்று வாதிட்ட பின்னரே மேற்குடியினர் முன்வந்தனர். ஆபத்து எனில் அடிமட்டத்தானுக்கு. புகழ் எனில் மேலோனுக்கு. இந்த நீதி நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று போலும்!

பலூன் காற்று அடித்த திசையில் செல்லும். நாம் எண்ணிய திசையில் செல்லாது. இறக்கை கொண்டு பறக்கும் வழியை அறிவியல் முறையில் முதலில் ஆய்ந்தவர் இங்கிலாந்து நாட்டின் சர் ஜார்ஜ் கெய்லி. பறவை ஒரே இறக்கையால் தன்னைத் தூக்கவும் செய்கிறது, முன்னே தள்ளவும் செய்கிறது. மனிதன் இவ்விரு வேலைகளையும் பிரிக்க வேண்டும். தூக்குவதற்கு அசையாத இறக்கை, தள்ளுவதற்கு வேறொரு பொறி என்று 1799ஆம் ஆண்டிலேயே அவர் வரைந்து காட்டினார். இன்று பறக்கும் பெரும் விமானங்கள் யாவும் இக்கருத்தின் வழிவந்தவையே.

1853ஆம் ஆண்டில், முதுமை எய்திய கெய்லி, தாம் செய்த எஞ்சின் இல்லாத மிதவை விமானத்தில் தம் வண்டியோட்டியை ஏற்றி ஒரு பள்ளத்தாக்கைக் கடக்கச் செய்தார். தரையில் மோதி இறங்கிய அவ்வேலையாள், தன்னை வண்டி ஓட்டவே வேலைக்கு அமர்த்தினீர்கள், பறப்பதற்கு அன்று என்று கூறி வேலையை விட்டு நின்றுகொண்டானாம். கெய்லியின் பெயரை உலகம் அறியும். உயிரைப் பணயம் வைத்துப் பறந்தவனோ வண்டியோட்டி என்ற அளவிலேயே வரலாற்றில் நிற்கிறான்.

பின்னர் செருமனியில் ஓட்டோ லிலியெந்தால் என்னும் பொறியாளர் தோன்றினார். 1891 முதல் ஐந்தாண்டுக் காலம் குன்றுகளின் மீதிருந்து ஏறத்தாழ 2,000 முறை மிதந்து பறந்தார். பறப்பதைப் பற்றி எழுதியோர் பலர். பறந்து பார்த்து எழுதியவர் இவர். 1896 ஆகஸ்டு மாதத்தில் காற்று புரட்டியதால் கீழே வீழ்ந்து, மறுநாள் உயிர் நீத்தார். அவரது மரணச் செய்தி அமெரிக்காவில் ஒரு மிதிவண்டிக் கடையை எட்டியது.

மிதிவண்டிக் கடையில் பிறந்த விமானம்

அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்தில் டேட்டன் என்னும் ஊர். அங்கே வில்பர் ரைட், ஆர்வில் ரைட் என்னும் சகோதரர் இருவர் மிதிவண்டி விற்றும், பழுது பார்த்தும், பின்னர்த் தாமே செய்தும் வாழ்ந்தனர். இருவருள் எவரும் கல்லூரி வாயிலை மிதித்தவர் அல்லர். உயர்நிலைப்பள்ளிச் சான்றிதழும் அவர்கள் கையில் இல்லை. இதனைக் கேட்டுப் படிப்பு வேண்டியதில்லை போலும் என்று எவரும் முடிவு கட்டிவிடலாகாது. அவர்கள் வீட்டில் நல்ல நூல்கள் நிறைந்திருந்தன. 1899ஆம் ஆண்டில் வில்பர் தம் நாட்டின் ஸ்மித்சோனியன் நிறுவனத்திற்குக் கடிதம் எழுதி, பறத்தலைப் பற்றி அதுவரை வெளிவந்த நூல்கள் எவை என்று கேட்டுப் பெற்றார். பட்டம் அவர்களிடம் இல்லை, படிப்பு இருந்தது.

பறப்பதற்கு மூன்று தேவைகள் என்று அவர்கள் கண்டனர். முதலாவது, தூக்கும் இறக்கை. இரண்டாவது, தள்ளும் எஞ்சின். மூன்றாவது, நிலைகுலையாமல் ஓட்டும் கட்டுப்பாடு. மற்றவர்கள் முதலிரண்டிலேயே மூழ்கியிருந்தபோது, ரைட் சகோதரர்கள் மூன்றாவதே முதன்மையானது என்று கொண்டனர். இவ்வறிவு அவர்களுக்கு மிதிவண்டி தந்த அறிவு. நின்ற இடத்தில் நில்லாது சாயும் மிதிவண்டி, ஓட்டுபவன் நொடிதோறும் உடலைத் திருத்திக்கொள்வதாலேயே நிமிர்ந்து செல்கிறது. ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆடிக் காற்றில் மிதிவண்டி ஓட்டியவர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. விமானமும் அவ்வாறே ஓட்டப்பட வேண்டியது என்றனர் அவர்கள். ஒருநாள் மிதிவண்டிக் குழாய் வந்த நீண்ட அட்டைப் பெட்டியை வில்பர் கையில் முறுக்கிக்கொண்டிருந்தார். இறக்கைகளையும் இவ்வாறே ஒருபுறம் மேலும் மறுபுறம் கீழுமாக முறுக்கினால் விமானத்தைச் சாய்க்கவும் நிமிர்த்தவும் கூடும் என்பது அவருக்குத் தோன்றியது.

காற்று மிகுந்த கடற்கரை ஒன்றைத் தேடி, வட கரோலினா மாநிலத்துக் கிட்டி ஹாக் என்னும் மணற்பாங்கான இடத்திற்கு 1900ஆம் ஆண்டு சென்றனர். 1901ஆம் ஆண்டு அவர்கள் செய்த மிதவை விமானம் ஏமாற்றியது. லிலியெந்தாலின் அட்டவணைகளைக் கொண்டு கணக்கிட்ட தூக்கு விசை, உண்மையில் கிடைக்கவில்லை. இந்த இடத்தில்தான் இவ்வரலாற்றின் திருப்புமுனை இருக்கிறது. புத்தகத்தில் இருப்பது தவறாக இருக்க இயலுமா என்று அவர்கள் தயங்கவில்லை. தாம் மதித்துப் போற்றிய பெரியவரின் கணக்கு ஆயினும் அளந்து பார்ப்போம் என்று துணிந்தனர். ஆறடி நீளமுள்ள மரப்பெட்டி ஒன்றைச் செய்து, ஒருமுனையில் விசிறி பொருத்திக் காற்றைச் செலுத்தினர். இரம்பத் தகட்டையும் மிதிவண்டிக் கம்பியையும் வளைத்துச் செய்த சிறு தராசினால், ஏறத்தாழ 200 வகையான இறக்கை வடிவங்களை ஒவ்வொன்றாக அளந்தனர்.

இறக்கை எவ்வாறு தூக்குகிறது என்று மாணவர் கேட்பதுண்டு. சற்றே வளைந்தும் சாய்ந்தும் அமைந்த இறக்கை, தன்மீது பாயும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. அக்காற்று இறக்கையை மேல்நோக்கித் தள்ளுகிறது. முப்பந்தலில் சுழலும் காற்றாலைகளின் அலகுகளைக் கூர்ந்து நோக்குங்கள். அவையும் விமான இறக்கையின் உடன்பிறப்புகளே. இறக்கை காற்றைக் கிழித்துக்கொண்டு ஓடி உயர்கிறது. காற்றாலை அலகு ஓடிவரும் காற்றினால் சுழல்கிறது.

1902ஆம் ஆண்டு புதிய அளவுகளின்படி செய்த மிதவை விமானம் நூற்றுக்கணக்கான முறை பறந்து வெற்றி கண்டது. எஞ்சின் ஒன்றே குறை. அவர்கள் கேட்டவாறு இலேசான எஞ்சினைச் செய்து தர எந்தக் கம்பெனியும் முன்வரவில்லை. அவர்கள் கடையில் வேலை செய்த சார்லி டெய்லர் என்னும் தொழிலாளி, ஆறே வாரத்தில் 12 குதிரைத்திறன் கொண்ட எஞ்சினை உருவாக்கித் தந்தார். எஞ்சினிலிருந்து சுழல்விசிறிகளுக்கு விசையைக் கொண்டு சென்றது, மிதிவண்டியில் உள்ளதைப் போன்ற சங்கிலியே.

1903 டிசம்பர் 17 அன்று காலை, உறைபனிக் குளிரில் ஆர்வில் படுத்த நிலையில் ஓட்ட, அவ்வூர்தி தண்டவாளத்தில் ஓடி எழுந்தது. பறந்த நேரம் 12 நொடி. கடந்த தொலைவு 120 அடி. இரண்டு தென்னை மரங்களைப் படுக்கவைத்தால் ஆகும் நீளம் அவ்வளவே! அன்று நான்காம் முறை வில்பர் ஓட்டியபோது 59 நொடியில் 852 அடி கடந்தது. இதற்கு ஒன்பது நாட்களுக்கு முன்னர்தான், அரசின் போர்த்துறை தந்த 50,000 டாலர் கொண்டு பேராசிரியர் லாங்லி செய்த விமானம் ஆற்றில் வீழ்ந்து அழிந்திருந்தது. ரைட் சகோதரர்கள் செலவிட்டதோ தம் கடை வருவாயிலிருந்து ஆயிரம் டாலருக்கும் குறைவு.

இங்கு ஒரு கிளைச் செய்தியையும் கூறவேண்டும். ஆர்வில் ரைட்டுடன் டேட்டன் உயர்நிலைப்பள்ளியில் பால் லாரன்சு டன்பார் என்னும் கறுப்பின மாணவர் பயின்றார். வகுப்பில் அவர் ஒருவரே கறுப்பர். தம் இன மக்களுக்காக அவர் நடத்த விரும்பிய செய்தித்தாளை, அப்போது அச்சுக்கூடம் வைத்திருந்த ரைட் சகோதரர்கள் 1890ஆம் ஆண்டில் அச்சிட்டுத் தந்தனர். டன்பார் பள்ளியில் சிறந்து விளங்கியவர். பின்னாளில் அமெரிக்கா அறிந்த கவிஞர் ஆனவர். ஆயினும் பள்ளி முடித்தவுடன் நிறத்தின் காரணமாக அவருக்குக் கிடைத்த வேலை, மாடிக் கட்டடத்தில் மின்தூக்கியை இயக்கும் வேலையே. ஒரே பள்ளியில் பயின்ற இருவருள் ஒருவருக்கு வானம் திறந்தது. மற்றவருக்கு ஐந்தாம் மாடி ஆறாம் மாடி என்று ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு திறந்தது. அறிவில் குறைவு இல்லை, வாயில்தான் வேறு.

ஏட்டுக் கூற்றும் அளவுகோலும்

நம் நாட்டில் முன்னமே விமானம் இருந்தது, பழைய ஏடுகளில் அதன் செய்முறை உள்ளது என்று கூறுவோர் உளர். இதற்குச் சான்றாக வைமானிக சாத்திரம் என்னும் வடமொழி நூலைக் காட்டுவர். 1974ஆம் ஆண்டு, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஐந்து அறிஞர்கள் அந்நூலை நடுநிலையோடு ஆய்ந்தனர். அந்நூல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டதே அன்றிப் பழமையானது அன்று என்றும், அதிலுள்ள வடிவங்கள் எவையும் பறக்க இயலாதவை என்றும் முடிவு கூறினர்.

இதனை இங்குக் குறிப்பிடுவது எவரையும் புண்படுத்துவதற்கு அன்று. ஏட்டில் எழுதியிருக்கிறது என்னும் ஒரே காரணத்திற்காக ஒன்றை உண்மை என்று கொள்வதால் விளையும் கேட்டினை நம்மைவிட நன்கு அறிந்தோர் யார்? பிறப்பினால் சிலர் உயர்ந்தோர், சிலர் தீண்டத்தகாதோர் என்பதும் ஏட்டில் எழுதியிருந்த செய்திதான். அதை எவரும் அளந்து பார்க்கவில்லை. லிலியெந்தாலின் அட்டவணையை அளந்து பார்த்தவர் பறந்தனர். அளந்து பார்த்தல் என்பது விமானம் கட்டுவதற்கு மட்டும் உரிய கருவியன்று. அடிமைத்தளையை அறுப்பதற்கும் அதுவே கருவி.

சென்னையில் எழுந்த முதல் விமானம்

1909 ஜூலை 25 அன்று பிரெஞ்சுக்காரர் லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் கடந்தார். இச்செய்தி உலகெங்கும் பரவியது. அந்நாளில் சென்னை மவுண்ட் ரோட்டில், இன்றைய அண்ணாசாலையில், புகழ்பெற்ற ஓட்டல் ஒன்றை நடத்தி வந்தவர் ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் என்னும் ஐரோப்பியர். மிட்டாய், பலகாரத் தொழிலில் தொடங்கி ஓட்டல் அதிபராக உயர்ந்தவர். பிளேரியோவின் சாதனை அவர் உள்ளத்தில் தீ மூட்டியது. தாமே ஒரு விமானத்தை வடிவமைத்தார். அதனைக் கட்டும் பணியைச் சென்னையில் குதிரை வண்டிகள் செய்வதற்குப் பேர்பெற்ற சிம்சன் கம்பெனி மேற்கொண்டது. 1910 மார்ச்சு மாதம் பல்லாவரத்தில் அவ்விமானம் சோதித்துப் பார்க்கப்பட்டு வானில் எழுந்தது. பின்னர்ச் சென்னைத் தீவுத்திடலில் மக்கள் கட்டணம் செலுத்திக் கண்டு வியக்கவும் பறந்து காட்டப்பட்டது. இந்திய மண்ணில் எஞ்சின் விமானம் முதலில் பறந்தது இதுவே என வரலாற்றாளர் பலர் கொள்வர்.

ரைட் சகோதரரின் ஊர்தி மிதிவண்டிக் கடையில் பிறந்தது. சென்னை விமானம் வண்டிப் பட்டறையில் பிறந்தது. மரத்தை இழைத்தும், சட்டத்தைப் பூட்டியும், துணியை இழுத்துக் கட்டியும் அதனை உருவாக்கியவை தொழிலாளரின் கைகள். நூல்கள் டி ஏஞ்சலிஸின் பெயரையே கூறுகின்றன. கெய்லியின் வண்டியோட்டியைப் போல, சிம்சன் பட்டறைத் தொழிலாளரும் தம் வேலையின் பின்னே மறைந்து நிற்கின்றனர். கைத்தொழில் செய்வோரைக் கீழோர் என்று ஒதுக்கிய நாட்டில், விமானம் என்னும் அதிசயமும் அக்கைகளின் வழியாகவே வந்தது என்பதை நம் இளைஞர் மறத்தல் ஆகாது.

அடுத்த ஆண்டு, 1911 பிப்ரவரி 18 அன்று, அலகாபாத் கண்காட்சித் திடலிலிருந்து ஆன்றி பெக்கே என்னும் பிரெஞ்சு விமானி ஏறத்தாழ 6,500 கடிதங்களுடன் யமுனை ஆற்றைக் கடந்து நைனியில் இறங்கினார். தொலைவு ஏறத்தாழ 10 கிலோமீட்டர். நேரம் 13 நிமிடம். உலகின் முதல் அதிகாரபூர்வ விமான அஞ்சல் இதுவே.

1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு அஞ்சலுடன் சிறு விமானம் ஒன்றைத் தாமே ஓட்டி வந்தார். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதனை ஓட்டி வந்தவர் அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட். 1935ஆம் ஆண்டில் இவ்விமானப் பணி திருவனந்தபுரம் வரை நீண்டது. கோவா, கண்ணனூர் வழியாக வந்த டாட்டா விமானம், சித்திரைத் திருநாள் மகாராசாவின் பிறந்தநாளை ஒட்டி வைசிராயின் வாழ்த்து மடலையும் கொண்டு வந்தது. நாகர்கோவிலுக்கு மிக அண்மையில் வானூர்தி வந்திறங்கிய முதல் நிலையம் இவ்வாறு அமைந்தது.

அதே ஆண்டுகளில் நம் மண்ணில்

விமானத்தின் ஆண்டுகளைக் கூறினோம். அதே ஆண்டுகளில் திருவிதாங்கூரில் நம் மக்கள் நடந்து வந்த பாதையையும் அருகே வைத்துப் பார்ப்போம்.

லிலியெந்தால் செருமனியில் பறந்துகொண்டிருந்த 1893ஆம் ஆண்டில், நெய்யாற்றின்கரைப் பகுதியில் வெங்ஙானூரைச் சேர்ந்த அய்யன்காளி, வில்லுவண்டி ஒன்றை வாங்கித் தலைப்பாகை அணிந்து பொதுச் சாலையில் ஓட்டிச் சென்றார். புலையர் வகுப்பில் பிறந்தவர் வண்டியேறிப் பொதுச்சாலையில் செல்வது அந்நாளில் குற்றம். தடுக்க வந்தோரை அவர் அஞ்சாது எதிர்த்து நின்று வண்டியைச் செலுத்தினார். இரண்டு காளைகள் இழுத்த அவ்வண்டி தரையை விட்டு ஓர் அங்குலமும் உயரவில்லை. ஆனால் நம் மக்களை அது உயர்த்திய உயரத்தை எந்த அடிக்கோலால் அளப்பது? பத்து ஆண்டுகள் கழித்தே ரைட் சகோதரர்கள் பறந்தனர்.

1907ஆம் ஆண்டில் அய்யன்காளி சாது சன பரிபாலன சங்கத்தை நிறுவினார். எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிடில் உங்கள் வயலில் இறங்கமாட்டோம் என்று உழவுத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். கூலிக்காக அன்றிக் கல்விக்காக நடந்த வேலைநிறுத்தம் அது. ஊருட்டம்பலம் பள்ளியில் பஞ்சமி என்னும் சிறுமியை அவர் கைப்பிடித்து அழைத்துச் சென்று அமர்த்தியபோது, அப்பள்ளியே தீக்கிரையாக்கப்பட்டது. சென்னையில் காசு கொடுத்து விமானம் பார்த்த அதே காலத்தில், இங்கே ஒரு சிறுமி பலகையில் அமர்ந்ததற்காகப் பள்ளி எரிந்தது.

நம் மாவட்டத்துச் சுசீந்திரத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமை கேட்டு 1926ஆம் ஆண்டு சத்தியாக்கிரகம் நடந்தது. 1935ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கியபோது, சுசீந்திரம் கோயிலின் உள்ளே நம் மக்கள் காலடி வைத்தல் இயலாது. வானில் வருபவனுக்கு இடம் உண்டு. மண்ணில் பிறந்தவனுக்கு வாசல் இல்லை. ஓராண்டு கழித்து, 1936 நவம்பர் 12 அன்று வெளிவந்த ஆலயப் பிரவேசப் பிரகடனமே அவ்வாசலைத் திறந்தது. வானூர்தி முந்தியது, நீதி பின்னே நடந்து வந்தது. இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? அறிவியல் வளர்ந்தால் சமத்துவம் தானே வரும் என்று காத்திருப்பது பேதைமை. அறிவியலையும் கற்கவேண்டும், உரிமைக்கும் நிற்கவேண்டும்.

1937 ஜனவரியில் காந்தியடிகள் வெங்ஙானூர் வந்தபோது, தம் மக்களுள் பத்துப் பேர் பி.ஏ. பட்டம் பெற்றதைக் கண்டபின் கண்மூட விரும்புவதாக அய்யன்காளி கூறினார் என்பர். எழுதப்படிக்கும் வாய்ப்பே பெறாத அப்பெருமகனார் கேட்டது பொன்னன்று, பொருளன்று, பத்துப் பட்டதாரிகள். பி.ஏ. என்னும் இரண்டெழுத்தைப் பெயரின் பின்னே எழுதும்போதெல்லாம், அஃது அவர் கேட்ட பத்தின் தொடர்ச்சி என்று எண்ணுவதே முறை.

பெஸ்ஸி கோல்மன் காட்டிய வழி

ஒடுக்கப்பட்டோரும் வானில் ஏறினரா என்னும் வினாவிற்கு விடையாக ஒரு பெண்மணி நிற்கிறார். 1892ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்தில், பிறர் நிலத்தில் பாடுபட்ட கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர் பெஸ்ஸி கோல்மன். பதின்மூன்று குழந்தைகளுள் பத்தாமவர். பருத்தி எடுத்தும், துணி வெளுத்தும், சிகாகோ நகரில் நகம் திருத்தும் வேலை செய்தும் வாழ்ந்தார். விமானம் ஓட்ட விரும்பினார். அமெரிக்க விமானப் பள்ளிகள் எவையும் அவரைச் சேர்க்கவில்லை. கறுப்பர் என்பது ஒரு காரணம், பெண் என்பது மறு காரணம்.

அவர் அழுது நிற்கவில்லை. பிரெஞ்சு மொழியைக் கற்றார். பணம் சேர்த்தார். கடல் கடந்து பிரான்சு சென்று பயின்று, 1921 ஜூன் 15 அன்று விமானி உரிமம் பெற்றார். அவ்வுரிமம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவரே. தாய்நாடு திரும்பி வானில் வித்தை காட்டிப் புகழ்பெற்றபோதும், கறுப்பருக்குத் தனி வாயில் வைத்த இடத்தில் பறக்கமாட்டேன் என்று மறுத்தார். தம் மக்களுக்காக விமானப் பள்ளி ஒன்று நிறுவ வேண்டும் என்பது அவர் கனவு. 1926 ஏப்ரல் 30 அன்று விமான விபத்தில் மாண்டார். நம் சுசீந்திரத்தில் தெருவில் நடக்கும் உரிமைக்குப் போராட்டம் நடந்த அதே ஆண்டு அது.

நம் வாசலில் வானம்

இன்று நம் மாவட்டத்தின் நிலை என்ன? நாஞ்சில் நாட்டிற்கு வடமேற்கே தும்பா என்னும் மீனவர் ஊரிலிருந்து 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணின் முதல் ஏவூர்தி விண்ணில் பாய்ந்தது. பாரிசில் பலூன் எழுந்து சரியாக 180 ஆண்டுகள் நிறைவுற்ற நாள் அது. தும்பா மக்கள் விட்டுக்கொடுத்த மாதா கோயிலே அறிவியலாரின் முதல் அலுவலகம். ஏவூர்தியின் முனைப்பகுதியை அங்கே மிதிவண்டியில் வைத்துத் தள்ளிச் சென்றனர். விமானத்தைப் பெற்ற மிதிவண்டியே இந்திய ஏவூர்தியையும் சுமந்தது!

ஆரல்வாய்மொழியைக் கடந்தால் காவல்கிணறு அருகே மகேந்திரகிரி மலையடிவாரத்தில் விண்வெளித் துறையின் எஞ்சின் சோதனை நிலையம் இருக்கிறது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவராக 2018 முதல் 2022 வரை விளங்கிய கை. சிவன், நாகர்கோவிலை அடுத்த சரக்கல்விளையில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பயின்றவர். நாகர்கோவில் இந்துக் கல்லூரியில் கணிதம் கற்றவர். குடும்பத்தின் முதல் பட்டதாரி. சென்னைக் குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி. நிறுவனத்தில் அவர் வானூர்திப் பொறியியல் பயின்றார். அது டி ஏஞ்சலிஸின் விமானம் எழுந்த பல்லாவரத்திற்கு அண்டை ஊர். 2025 ஜனவரியில் அத்தலைமைப் பொறுப்பை ஏற்ற வி. நாராயணனும் கன்னியாகுமரி மாவட்டத்தவரே. ஆகவே அரசுப் பள்ளியில் படித்தால் முன்னேற இயலாது, தமிழ்வழியில் படித்தால் அறிவியல் வராது என்னும் பேச்சை நம் பிள்ளைகள் காதில் விழாமல் காப்பது பெற்றோர் கடமை.

எனினும் ஒன்றை மறைக்காமல் கூறவேண்டும். நம் பிள்ளைகளுள் பலர் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் கணக்கை அஞ்சி விலகுகின்றனர். கணிதமும் இயற்பியலும் நமக்கு எட்டாதவை என்று நம்மை நம்ப வைத்தோர் பலர். அந்நம்பிக்கையும் அளந்து பார்க்கப்படாத ஓர் அட்டவணைதான். நம் சங்கம் இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் பிள்ளைகளைப் பள்ளி வாசலுக்குள் கொண்டுவரப் பாடுபட்டது. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் அவர்களை ஆய்வுக்கூடத்தின் வாசலுக்குள் கொண்டு செல்லவேண்டும். மாலை நேரக் கணித வகுப்பு, ஒரு சிறு நூலகம், கையால் கருவி செய்து பழக ஓர் அறை. இவை மூன்றும் பெரும்பொருள் வேண்டாதவை. ரைட் சகோதரரிடம் இருந்தவையும் ஏறத்தாழ இவையே.

இளைஞர்களே! முதல் விமானம் பறந்தது பன்னிரண்டே நொடி. அப்பன்னிரண்டு நொடிக்குப் பின்னே நான்கு ஆண்டு உழைப்பு இருந்தது. முதல் முயற்சியில் நூற்றிருபது அடிதானே என்று அவர்கள் நாணியிருந்தால் அன்றே நான்காம் முறை எண்ணூற்று ஐம்பத்திரண்டு அடி பறந்திருக்க மாட்டார்கள். முதல் தேர்வில் மதிப்பெண் குறைந்ததென்று படிப்பை விட்டுவிடாதீர்கள். பெற்றோரே! பெண் மக்களையும் அறிவியல் படிக்க அனுப்புங்கள். பஞ்சமி அமர்ந்த பலகையும் பெஸ்ஸி ஓட்டிய விமானமும் உங்கள் மகளுக்கும் உரியவை.

சாலையில் வண்டி ஓட்டும் உரிமையை நம் முன்னோர் வென்று தந்தனர். வானில் ஊர்தி ஓட்டும் தகுதியை நாம் கற்று வெல்வோம். கல்வி வளர்க! நம் சங்கம் பல்லாண்டு வாழ்க!